கரும்பலகையில் முட்டை வரையாதீர்கள்: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உருவப்படம் கற்பிக்க

ஆசிரியர் கரும்பலகையில் ஒரு முட்டை வரைகிறார். அதற்குள் மீன்போல இரண்டு கண், நடுவில் ‘ட’ மாதிரி ஒரு மூக்கு, கீழே ஒரு பிறை. “இதைப் பார்த்து வரையுங்க” என்கிறார். அரை மணி நேரத்தில் முப்பத்தைந்து முட்டைகள் மேசைக்கு வந்து சேரும். எல்லாம் ஒரே முகம், ஆனால் வகுப்பில் ஒருவருடைய முகமும் அதில் இருக்காது.

பிள்ளைகள் மேல் பிழை இல்லை. சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள். உருவப்படப் பாடத்தில் பிள்ளை பார்க்க வேண்டியது எதிரில் இருக்கிற மனிதரின் முகத்தை. கரும்பலகையில் ஒரு முகம் வந்துவிட்டால் அந்த வேலை அங்கேயே நின்றுவிடும். ஆகவே முதல் விதி: இந்தப் பாடம் முடியும்வரை ஆசிரியர் பலகையில் முழு முகம் வரையக் கூடாது. கண்ணை மட்டும், காதை மட்டும் தனியாக வரைந்து காட்டலாம். காட்டியதும் அழித்துவிடுங்கள்.

கீழே உள்ளவை தரம் 3 முதல் 5 வரை, எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை. தரம் 1, 2 பிள்ளைகள் வட்டத்திலிருந்து நேராகக் கையும் காலும் முளைக்க வரைந்தால் அப்படியே விடுங்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை. அளவு, விகிதம் என்று அவர்களிடம் பேசுவது வீண். ஒன்பது வயதை ஒட்டித்தான் “என் படம் அவளைப் போல இல்லையே” என்ற கவலை பிள்ளைக்கே வரும். உதவி தேவைப்படுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் கைகொடுக்காவிட்டால், “எனக்கு வரைய வராது டீச்சர்” என்ற பேச்சு தொடங்கிவிடும்.

மொத்தம் நான்கு பாடவேளை ஒதுக்குங்கள். நுவரெலியா, இராகலைப் பக்கம் தை மாதக் காலையில் முதலாம் பாடவேளையில் இதை வைக்காதீர்கள். விரல் விறைத்த பிள்ளை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், கோடு நடுங்கும். இடைவேளைக்குப் பிறகு வையுங்கள்.

தாளும் கரியும்

முகம் மிகச் சிறிதாக, தாளின் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம் காணும் சிக்கல். கூச்சம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. கூரான எச்பி பென்சிலைக் கொடுத்தால், பிள்ளை மணிக்கட்டை மேசையில் ஊன்றி விரலால் மட்டும் வரையும். விரல் அசையும் தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் முகமும் வரும். தடித்த கருவியும் பெரிய தாளும் கொடுத்தால் முழங்கையிலிருந்து கை அசையும். டிமை என்ற பெரிய தாள் ஒன்றை இரண்டாக வெட்டினால் ஏறக்குறைய ஏ3 அளவு கிடைக்கும், அது போதும். நாலாக வெட்டினால் ஏ4 அளவுக்கு இறங்கிவிடும். பழைய கலண்டரின் பின்பக்கமும் நல்லது. விரலால் தடவிப் பாருங்கள்: வழுக்கினால் பெஸ்டலும் கரியும் பிடிக்காது, சொரசொரப்பாக இருந்தால் பிடிக்கும்.

பென்சில் என்றால் மென்மையான 2பி அல்லது 4பி. அதைவிட நல்லது கரி. தோட்டப் பகுதியில் அதைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகாக வரும் மிளாறுக் குச்சிகள் எல்லா லயத்து அடுப்படியிலும் கிடக்கும். பென்சில் தடிப்பில், விரல் நீளத்தில், கோணல் இல்லாத காய்ந்த குச்சிகளாகப் பொறுக்கித் தோலைச் சுரண்டிவிடுங்கள். வெறும் பால்மா டின்னில் நெருக்கமாக அடுக்கி, தகர மூடியில் ஓர் ஆணித்துளை போட்டு இறுக மூடி, எரியும் அடுப்புக்குள் வையுங்கள். துளையால் முதலில் வெள்ளைப் புகை வரும். புகை முற்றாக நின்றதும் டின்னை வெளியே எடுத்து, துளையைக் களிமண்ணால் அடைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை திறக்காமல் வையுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுத் தீப்பிடித்து எல்லாம் சாம்பலாகும். குச்சி கறுக்காமல் கபில நிறத்தில் இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம். அது தாளைக் கீறுமே தவிரக் கோடு விடாது, திரும்ப அடுப்பில் வைக்கலாம். ஈரக் குச்சி வெடித்து நொறுங்கும். இந்த வேலையை ஆசிரியர் வீட்டில் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் விடக் கூடாது.

கரிக்கு இன்னொரு நன்மை உண்டு. அழிறப்பர் தேவையில்லை, பழைய பருத்தித் துணியால் தட்டினால் போய்விடும். வெள்ளைச் சீருடைதான் பலியாகும். அப்பாவின் பழைய சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

முதல் பாடவேளை: வரைவதற்கு முன் தொட்டுப் பார்ப்பது

“உங்க கண் முகத்தில எங்க இருக்கு? மேல் பக்கமா, நடுவிலயா, கீழயா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் “மேல” என்றே பதில் வரும். படத்திலும் கண்ணைத் தலையுச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். நெற்றியில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதால் மனம் அதைச் சுருக்கிவிடுகிறது. வாய்க்கணக்காகச் சொல்லி இதைத் திருத்த முடியாது. அளந்து காட்டுங்கள்.

இரண்டு இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒரு விரல் அகலத்தில், ஓர் அடிக்குக் குறையாத நீளத்தில் ஆளுக்கொரு தாள் நாடா. அளக்கப்படுபவர் ஒரு கொப்பியைத் தலையுச்சியில் மட்டமாக வைத்துப் பிடிக்க வேண்டும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையானாலும் சிலுப்பிய தலையானாலும் உண்மையான உச்சி அந்தக் கொப்பியின் அடியில்தான் இருக்கிறது. கொப்பி இல்லாமல் அளந்தால் முடி தொடங்கும் இடத்தை உச்சி என்று எடுத்துவிடுவார்கள், கணக்கு முழுவதும் பிழைத்துப்போகும். நாடாவின் மேல் நுனி கொப்பியைத் தொட, முகத்தின் பக்கவாட்டில் நேராகத் தொங்கவிட்டு, கண் ஓரம், மூக்கின் அடி, வாய்க்கோடு, நாடி என்று நான்கு இடங்களில் அடையாளம் இட வேண்டும். நாடிக்குக் கீழே மிஞ்சியதை வெட்டிவிடலாம். அளப்பவர் பென்சில் நுனியைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோகக் கூடாது. நாடாவை விரலால் கிள்ளிப் பிடித்து, கீழே இறக்கி, பிறகு குறிக்க வேண்டும்.

இப்போது நாடாவைச் சரிபாதியாக மடிக்கச் சொல்லுங்கள். கண் அடையாளம் மடிப்பில் அல்லது மடிப்புக்குச் சற்றுக் கீழே வரும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய நடுவில் இருக்கும் கண், சிறு பிள்ளைகளுக்கு நடுவுக்குக் கொஞ்சம் கீழே. மண்டையோடு முதலில் வளர்ந்து, தாடை பிறகு வளர்வதுதான் காரணம். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எழட்டும். ஆசிரியரும் தம் தலையை அளக்கக் கொடுத்தால் சலசலப்பு இரண்டு மடங்காகும், பெரியவர் முகத்துக்கும் சிறுவர் முகத்துக்கும் உள்ள வித்தியாசமும் நாடாவிலேயே தெரிந்துவிடும்.

காதையும் அன்றே பார்த்துவிடுங்கள். மேல் நுனி புருவத்துக்கு நேர், அடி மூக்கு நுனிக்கு நேர். விரலை மட்டமாக வைத்து ஒருவருக்கொருவர் சரிபார்க்கலாம். இரண்டு கண்களுக்கும் இடையே இன்னொரு கண் அளவு இடைவெளி இருக்கும் என்பதைத் தரம் 5க்குச் சொன்னால் போதும். நாடாவைப் பெயர் எழுதி கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள், அடுத்த பாடத்துக்கு வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: எதிரெதிரே

முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி. பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றின் நடுவில் துளையிட்டுக் கரியைச் செருகினால், பிடிக்கிற கையும் வரைகிற தாளும் மறைந்துவிடும். எதிரில் இருப்பவரின் நெற்றி ஓரத்தில் தொடங்கி, ஒரு எறும்பு முகத்தின் மேல் ஊர்ந்து போவதாக நினைத்து, கண் போகும் வேகத்திலேயே கையும் போக வேண்டும். கரியைத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. முடிவில் கிடைப்பது வாய் காதுக்குப் போன, மூக்கு நெற்றியில் ஏறிய கோலம். எல்லாரும் சிரிப்பார்கள். நன்றாக வரையும் பிள்ளையினதும் அப்படித்தான் வரும். “எனக்கு வராது” என்ற பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். அந்தக் கோடுகளை உற்றுப் பாருங்கள், எங்காவது ஒரு மூக்கு வளைவு அச்சாக விழுந்திருக்கும். அதை எல்லாருக்கும் காட்டுங்கள்.

பிறகு உண்மையான படம். இருவருக்கும் இடையே மூன்றடி. ஒரு பக்கம் ஜன்னல் இருக்கட்டும். ஒருவர் பத்து நிமிடம் அசையாமல் இருப்பார், மற்றவர் வரைவார், பிறகு மாறுவது. அசையாமல் இருக்கிறவருக்குச் சிரிப்பு வரும். பார்க்க ஓர் இடம் கொடுங்கள்: எதிர்ச் சுவரில் ஒரு மூலை, ஜன்னலுக்கு வெளியே ஒரு சவுக்கு மரம். “ஆடாதே” என்று பத்துத் தரம் சொல்வதைவிட அது பலிக்கும்.

தொடங்குவது தலையின் முழு உருவத்தில். தாளின் மேல் விளிம்புக்கும் தலைக்கும் இடையே ஒரு பெருவிரல் அகலம் மட்டும் இடைவெளி. இந்த ஒரு கட்டளையே சிறிய முகங்களில் பாதியைத் தவிர்த்துவிடும். நாடாவில் பார்த்ததுபோலவே நடுவில் மெல்லிய ஒரு கண் கோடு. அடிமட்டம் வேண்டாம். அடிமட்டம் கைக்கு வந்தால் முகம் பெட்டியாகும்.

அடுத்து கழுத்து. பிள்ளைகள் கழுத்தைக் கம்பு மாதிரி நாடியின் நடுவில் நடுவார்கள். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் கை வைத்துக் கீழே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து எங்கே தொடங்குகிறது என்று விரலே சொல்லும். தோள் தாளின் ஓரத்தைத் தாண்டி வெளியே போகட்டும்.

இடையிடையே நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “பாரு, ஒரு கோடு போடு, திரும்பப் பாரு.” குனிந்த தலையோடு நீண்ட நேரம் வரையும் பிள்ளை, பார்க்காமல் மனதில் இருக்கும் முட்டையை வரைந்துகொண்டிருக்கிறது.

உறுப்புகளில் கவனம்

கண்ணைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் மூன்று போதும். கருவிழி முழு வட்டமாகத் தெரியாது, மேல் இமை அதன் தலையை மறைக்கும். முழு வட்டம் போட்டால் பயந்து விழித்தது போலாகும். இமை மயிர் சூரியக் கதிர் போல நிற்காது, மேல் இமைக் கோட்டைத் தடிப்பாக்கினாலே அது வந்துவிடும். கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் விழும் சிறு புள்ளியை வெள்ளையாக விட்டால் கண் உயிர் பெறும். அந்தப் புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும்.

மூக்குக்குக் கோடு போடாமல் நிழல் போடச் சொல்லுங்கள். அடியிலும் ஒரு பக்கத்திலும் கரியை விரலால் தேய்த்தால் மூக்கு எழும்பி வரும். மூட்டம் கவிந்த நாளில் நிழலே தெரியாது, வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் வரும். அன்று ஒரு டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, முதலில் ஒரு தோடம்பழத்தில் நிழலைக் காட்டிவிட்டு முகத்துக்கு வாருங்கள். கண்ணில் வெளிச்சம் நேராக அடிக்காமல் கன்னத்தின் பக்கமாகப் பிடியுங்கள்.

வாயில் ஆகக் கறுத்தது இரண்டு உதடுகளும் சேரும் கோடு. அதைச் சரியாகப் போட்டால் உதட்டின் ஓரங்கள் மங்கலாக இருந்தாலும் போதும். பற்களை ஒவ்வொன்றாக வரைந்தால் சோளக் கதிராகிவிடும், பொதுவாகத் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு: தரம் 3இல் பலருக்கு முன்பல் விழுந்திருக்கும். அந்த ஓட்டைதான் அந்த முகம். அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

தலைமுடியை மயிர் மயிராக வரைய வேண்டாம். வகிடு எங்கே, முடி எந்தப் பக்கம் வளைகிறது, இரட்டைப் பின்னல் காதுக்கு முன்னால் விழுகிறதா பின்னாலா என்று கேளுங்கள். பொட்டு, விபூதி, தோடு, பின்னல் ரிப்பன் ஆகியவற்றைச் சில பிள்ளைகள் முதலிலேயே வரைந்துவிடுவார்கள். தடுக்க வேண்டாம். ஒருவரை அடையாளம் காண நாமும் அவற்றைத்தானே முதலில் பார்க்கிறோம்.

நிறம்: இங்கேதான் அதிகம் பிழைக்கிறது

பெஸ்டல் பெட்டியில் வெளிறிய ரோஸ் நிறக் கட்டி ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதற்குத் ‘தோல் நிறம்’ என்றே பெயர் வைத்திருப்பார்கள். வகுப்பில் ஒருவருக்கும் அந்த நிறம் கிடையாது. ஆனால் அத்தனை முகங்களுக்கும் அதையே பூசுவார்கள். “கறுப்பா வரைஞ்சா கோவிப்பா” என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை வேடிக்கையாக எடுக்காதீர்கள். நிறத்தைச் சொல்லி ஏசுவது வீட்டிலும் வாசலிலும் கேட்டுப் பழகியது, வகுப்பறையில் அதற்கு இடம் இருக்கக் கூடாது. அறிவுரை சொன்னால் போதாது, வேலையை மாற்றுங்கள். அந்த ரோஸ் கட்டியை அன்றைக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாள் துண்டில் நிறம் கலந்து, தம் புறங்கையில் வைத்து ஒப்பிட வேண்டும். ‘யார் வெள்ளை’ என்ற கேள்வி மறைந்து, ‘என் கையோடு பொருந்துகிறதா’ என்ற கேள்வி வரும்.

பெஸ்டலில்: முதலில் கபிலத்தை மெதுவாக, தாள் தெரியும்படி பூசுங்கள். அதன்மேல் வெளிச்சம் படும் இடத்தில் தோடம்பழ நிறம் அல்லது மஞ்சள், நிழல் இடத்தில் ஊதா அல்லது கடும் நீலம். பிறகு விரலால் தேய்த்து ஒன்றாக்கலாம். முதலிலேயே அழுத்திப் பூசினால் மெழுகு நிறைந்து அடுத்த நிறம் ஏறாமல் வழுக்கும்.

போஸ்டர் கலரில்: மஞ்சள் இரண்டு பங்கு, சிவப்பு ஒரு பங்கு, நீலம் தூரிகை நுனியளவு. இது கபிலமாகும். வெளிற வேண்டுமானால் வெள்ளையைச் சிறிது சிறிதாக. கறுப்பாக்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் நீலமும் சிவப்பும் சேருங்கள், கறுப்புச் சாயம் வேண்டாம். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சை பாய்ந்து, நோயாளி முகம் போலாகும். ஒவ்வொரு நான்கு பேருக்கும் ஒரு யோகட் கப்பில் கலந்து வைத்தால் சாயம் வீணாகாது.

சாயத்துக்குக் காசில்லாவிட்டால் தேயிலை இருக்கிறது. தூள் தேயிலை இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் அரைக் கோப்பை, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து ஆறவிடுங்கள். ஒரு பூச்சு இளம் கபிலம், காய்ந்தபின் அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது என்று ஏற்றினால் நிழல்கள் வரும். ஈரத்தின்மேல் பூசினால் நிறம் ஏறாது, தாள்தான் பிய்யும். மழைக்காலத்தில் ஒரு பூச்சு காய அரை மணியும் ஆகலாம், அதனால் பூச்சுகளை வெவ்வேறு நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள். கரியைப் பூச்சு காய்ந்த பிறகே தொட வேண்டும், முன்னால் கரி போட்டால் கலங்கிச் சேறாகும். தேயிலைச் சாயம் வெயிலில் மங்கும். இந்தப் படங்களை ஜன்னலுக்கு எதிரே தொங்கவிடாதீர்கள்.

வீட்டு முகங்கள்

‘உங்கள் அம்மாவை வரையுங்கள்’ என்று கட்டாயமாகக் கொடுக்காதீர்கள். தாய் வெளிநாட்டில் வேலையில் இருக்கும் பிள்ளைகள், தாயை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். ‘வீட்டில் எனக்குப் பிடித்த ஒருவர்’ என்றால் அம்மாயியோ தாத்தாவோ அண்ணனோ வரலாம். வீட்டிலேயே எதிரில் உட்கார வைத்து வரைவது நல்லது. வேலை விட்டு வந்தவரைக் கால்மணி நேரம் உட்காரச் சொல்வது கஷ்டமென்றால், தேநீர் குடிக்கும் நேரத்தில் பார்த்து வைத்து மறுநாள் நினைவிலிருந்து வரையலாம். அதற்கு முன் கேள்விகள் கொடுத்து அனுப்புங்கள்: மூக்குத்தி எந்தப் பக்கம்? தலைத்துண்டின் முடிச்சு எங்கே? சிரிக்கும்போது கண்ணோரத்தில் எத்தனை கோடு? வெற்றிலை போட்ட உதட்டின் நிறம் என்ன? கேள்வியோடு போன பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு வரும்.

போன் படத்தைப் பார்த்து வரைவதைத் தரம் 5வரை தள்ளிப்போடலாம். நேருக்கு நேர் எடுத்த படத்தில் நிழல் செத்துப்போய் முகம் தட்டையாக இருக்கும், பிள்ளை கோட்டை மட்டும் பிரதி எடுக்கும். கட்டம் போட்டு வரைவதும் அப்படித்தான். கணிதப் பாடத்துக்கு உதவும், முகம் விறைத்துப்போகும்.

பக்கவாட்டு முகம், அரைப்பக்க முகம் என்று காட்ட விரும்பினால் மாத்தளை மாவட்டத்திலேயே சீகிரியாப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. 5ஆம் நூற்றாண்டில் தீட்டிய அந்தப் பெண்களின் முகங்கள் பெரும்பாலும் முக்கால் பங்கு திரும்பியவை. அப்பால் உள்ள கன்னம் எவ்வளவு குறுகுகிறது என்று அச்சுப் படத்தில் விரலால் அளந்து பார்க்கலாம். 1901இல் கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் படங்களில் பக்கப் பார்வையும் நேர்ப் பார்வையும் ஒரே முகத்துக்குள் வரும். தாளைப் பார்க்காமல் வரைந்த கோலங்களைக் கண்ட பிள்ளைகளுக்கு அவை விசித்திரமாகவே தோன்றாது.

ஆசிரியரின் கை

பிள்ளையின் தாளில் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். கண்ணைத் திருத்திக் கொடுத்த நிமிடத்திலிருந்து அது உங்கள் படம், பிள்ளை அடுத்த தரமும் நீங்கள் திருத்தக் காத்திருக்கும். காட்டத்தான் வேண்டும் என்றால் வேறு தாளில் காட்டுங்கள். ‘அழகா இருக்கு’ என்பதும் ‘சரியில்லை’ என்பதும் ஒன்றுக்கும் உதவாத சொற்கள். “புருவம் நடுவில் நெருங்கி வர்றதைக் கண்டுபிடிச்சிருக்க” என்றால் என்ன செய்தோம் என்று பிள்ளைக்குத் தெரியும். காது கீழே இறங்கியிருந்தால், “விரல் வைச்சுப் பாரு, புருவத்துக்கு நேரா இருக்கா?” என்று மட்டும் கேளுங்கள்.

படங்களுக்குப் பரீட்சைபோலப் புள்ளி போடத் தேவையில்லை. படத்தில் இருப்பவரைக் கேலி செய்யும் படம் வந்தால் அதைச் சுவரில் போடாமல், வரைந்தவரையும் இருந்தவரையும் திரும்ப ஒரு முறை எதிரெதிரே உட்கார வையுங்கள்.

காட்சிக்கு வைக்கும்போது சுவரில் பசையால் ஒட்டாதீர்கள். மலைநாட்டுச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும், தாள் நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுங்கள், பிள்ளைகளின் கண் உயரத்தில். இறக்கிய பிறகு, கரிப் படங்களுக்கு இடையே செய்தித்தாள் வைத்து, மட்டமாக அடுக்கி, பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் வரைந்தவர் பெயர், இருந்தவர் பெயர், திகதி. மூன்றாம் தவணையில் அதே இருவரை அதே ஜன்னலோரம் உட்கார வைத்து இன்னொரு படம் வரையச் சொல்லி, பழையதை அப்போது வெளியே எடுங்கள். தரம் 3 பிள்ளைகளில் பலருக்கு அதற்குள் முன்பல் முளைத்திருக்கும். அதையும் வரைந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.